வாய் திறந்தால் வழி பிறக்கும்

நடுவானிலும் ஓடுபாதையிலும் எதிர்பாராதது நடக்கும்போது விமானி சொல்லும் நாலு வார்த்தையில் எத்தனை உயிர்கள் தொங்குகின்றன? வானத்து ஆங்கிலத்தின் கதை இது.

2025 ஜூன் 19, வியாழக்கிழமை மாலை. கௌஹாத்தியிலிருந்து வந்த விமானம் ஒன்று சென்னையில் தரையிறங்க முயன்று, முடியாமல் மறுபடி மேலே ஏறியது. உள்ளே 168 பயணிகள். விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பினார்கள். அங்கே போய்ச் சேர இன்னும் சுமார் 35 மைல் இருக்கும்போது, எரிபொருள் போதவில்லை என்று விமானி ரேடியோவில் ‘மேடே’ அறிவித்தார். ஆபத்தில் இருக்கிறேன், உதவி வேண்டும் என்று உலகம் முழுக்கப் புரியும் சொல் அது. தீயணைப்பு வண்டிகளும் மருத்துவக் குழுவும் தயாராக நிற்க, விமானம் பத்திரமாக இறங்கியது.

அகமதாபாத் விமான விபத்து நடந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் செய்தியைப் படித்த எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. எரிபொருள் ஏன் குறைந்தது என்பது விசாரணைக்குரிய கேள்வி. ஆனால், அந்தச் சொல்லை அந்த நேரத்தில் சொன்னது சரியான காரியம். அது எவ்வளவு சரி என்று தெரிய வேண்டுமானால், அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்னால் நியூயார்க்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘தீரப்போகுது’ என்றால் எப்போது?

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து கிளம்பி, மெடலின் வழியாக நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது அவியான்கா 52. போயிங் 707 ரக விமானம். 158 பேர் இருந்தார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வானிலை மோசம். விமானங்கள் வரிசை கட்டி நின்றன. அவியான்காவை மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்தார்கள். மொத்தம் 1 மணி 17 நிமிடம்.

ஆங்கிலத்தில் பேசும் வேலை துணை விமானியுடையது. மூன்றாவது முறை வட்டமடிக்கும்போது அவர் முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார். இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்கும் என்றார். மாற்று விமான நிலையமான பாஸ்டனுக்கு இனிப் போக முடியாது, எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். ‘எமர்ஜென்சி’ என்றோ ‘மேடே’ என்றோ மட்டும் சொல்லவில்லை.

நம் வீட்டில் “சிலிண்டர் தீரப்போகுது” என்று சொன்னால், அது இன்று ராத்திரியாகவும் இருக்கலாம், அடுத்த வாரமாகவும் இருக்கலாம். கேட்பவர் “சரி, புக் பண்ணிடலாம்” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். நியூயார்க்கிலும் அதுதான் நடந்தது. வானத்தில் பறக்கும் எல்லா விமானத்திலும் எரிபொருள் தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் குரல் மற்றக் குரல்களைப் போலவே ஒலித்தது.

முதல் முயற்சியில் ஓடுபாதை கிடைக்காமல் விமானம் மறுபடி மேலேறியது. “எமர்ஜென்சி என்று சொல்” என்றார் கேப்டன். துணை விமானி கட்டுப்பாட்டு டவரிடம் சொன்னது: “சரி, 180 டிகிரியில் திரும்புகிறோம். இன்னொரு முறை முயல்கிறோம். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது.” வழக்கமான பதிலோடு பதிலாக, வாக்கியத்தின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது அந்த விஷயம். “சொல்லிவிட்டாயா?” என்று கேப்டன் திரும்பக் கேட்டார். “சொல்லிவிட்டேன், சார்.”

அடுத்துப் பேசிய கட்டுப்பாட்டு அதிகாரி, 15 மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வருகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிப்படுமா என்றே கேட்டார். கதவு அகலத் திறந்த நொடி அது. துணை விமானியின் பதில்: “சரிப்படும் என்று நினைக்கிறேன், ரொம்ப நன்றி.” என்ன சொன்னார் என்று கேப்டன் விசாரித்தபோது விமானி அறையில் ஒலித்த பதில், “அந்த ஆள் கோபமாக இருக்கிறார்” என்பது.

சிறிது நேரத்தில் நான்கு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் குன்றுச் சரிவில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். 85 பேர் பிழைத்தார்கள். இடிபாடுகளில் தீப்பிடிக்கவில்லை. பிடிப்பதற்கு எரிபொருளே இல்லை.

அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. பத்து ஆண்டு பள்ளி ஆங்கிலம் படித்த யாருக்கும் புரியும் வாக்கியங்களைத்தான் பேசினார். அவர் நாக்கில் வராமல் போனது ஒரே ஒரு சொல். அதை வரவிடாமல் தடுத்தவற்றில் தயக்கம் இருந்தது, மரியாதை இருந்தது, எதிர்முனையில் இருப்பவர் எரிந்து விழுவாரோ என்ற பயமும் இருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வானத்தில் அது பழமொழியோடு நிற்பதில்லை; அதுவே நடைமுறை.

எரிபொருள் விஷயத்தில் இந்தக் குழப்பமே கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2012-ல் சொற்களைத் தெளிவாக வகுத்தது. இனி தாமதித்தால் சிக்கல் என்றால் ‘மினிமம் ஃப்யூயல்’. கையிருப்பில் கட்டாயம் மிச்சம் வைக்க வேண்டிய அளவுக்கும் கீழே போய்விடும் என்றால் ‘மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்’. முதலாவது எச்சரிக்கை. இரண்டாவது வந்தால் வானமே விலகி வழிவிட வேண்டும்.

முந்நூறு சொற்களின் மொழி

விமானிக்கும் தரைக்கும் நடுவே நடக்கும் பேச்சு நாம் பேசும் ஆங்கிலம் போல இருக்காது. பெரும்பாலும் அச்சில் வார்த்த வாக்கியங்கள். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுதும் காதில் விழுந்தது என்று மட்டும் பொருள். ஒப்புக்கொண்டேன் என்று ஆகாது. ஒப்புக்கொண்டு செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’. முடியாது என்பதற்கு ‘அனேபிள்’. திரும்பச் சொல்லுங்கள் என்பதற்கு ‘சே அகெய்ன்’. இறங்காமல் மறுபடி மேலேறு என்பதற்கு ‘கோ அரௌண்ட்’.

எண்களுக்கும் தனி உச்சரிப்பு உண்டு. மூன்றை ‘ட்ரீ’ என்பார்கள், ஐந்தை ‘ஃபைஃப்’ என்பார்கள், ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள். கரகரக்கும் ரேடியோவில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆபத்துச் சொல்லான ‘மேடே’ 1920-களில் லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் பிறந்தது. அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு, பாரிஸுக்கும் லண்டனுக்கும் நடுவே பறக்கும் இரு நாட்டவருக்கும் புரிய வேண்டும் என்று, ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து அதை எடுத்தார். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, ஆனால் அவசரம் என்றால் ‘பான் பான்’. அதுவும் பழுது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த மொழியின் முதுகெலும்பு ‘ரீட்பேக்’. நம்மூர் மளிகைக்கடையில் போனில் சாமான் சொன்னால், கடைக்காரர் கடைசியில் ஒருமுறை வாசித்துக் காட்டுவார். அதுபோல டவர் சொன்ன உயரம், திசை, ஓடுபாதை எண் எல்லாவற்றையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். டவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தவறு இருந்தால் அப்போதே திருத்த வேண்டும். சொல்பவர், கேட்பவர் இருவரில் ஒருவர் அசந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

அறுந்ததற்குச் சான்று கோலாலம்பூரில் இருக்கிறது. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் சுபாங்கில் இறங்கவிருந்தது. “டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ” என்றார் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் மனதில் இருந்தது 2,400 அடி. ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்பதற்கும் ‘டூ’, ‘வரைக்கும்’ என்பதற்கும் ‘டூ’. விமானியின் காதில் விழுந்தது, 400 அடி வரைக்கும் இறங்கு என்று. “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று திருப்பியும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று இயந்திரம் எச்சரித்தும் விமானம் இறங்கிக்கொண்டே போய், 437 அடி உயரக் குன்றில் மோதியது. நால்வர் இறந்தார்கள். ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

‘கிளம்பிட்டேன்’ என்ற சொல்லின் விலை

ஓடுபாதையில் நடந்த மிகப் பெரிய துயரமும் இரண்டு, மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்கள் எல்லாம் லோஸ் ரோடியோஸ் என்ற சிறிய நிலையத்தில் வந்து குவிந்தன. இடம் இல்லாததால் விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. அடர்ந்த மூடுபனி. ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ. அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ. ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. டவருக்கு இருவருமே தெரியவில்லை.

கேஎல்எம் விமானத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பாதை அனுமதிதான் வந்தது. அந்த அனுமதியின் வாசகத்துக்குள் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லும் இருந்தது. கேப்டன் வேகமெடுத்தார். துணை விமானி ரேடியோவில் “வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்” என்றார். கிளம்பி ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல நினைத்தார் போலும். கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டது டவர். நாம் போனில் “கிளம்பிட்டேன்” என்று சொல்வதைக் கேட்பவர், ஆள் தெருவில் வருகிறாரா, இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறாரா என்று எப்படி அறிவார்? அதே சந்தேகம்தான். நம் வீட்டில் அதனால் சோறு ஆறும். அங்கே இரண்டு ஜம்போக்கள் எதிரெதிரே வந்துகொண்டிருந்தன.

டவர் “ஓகே” என்றது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு, “டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறிச் சொன்னார். இரண்டு பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏற, கேஎல்எம் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது “ஓகே” மட்டும். மீதி வெறும் கீச்சொலி. “அவர் இன்னும் விலகவில்லையா?” என்று பொறியாளர் கேட்டார். விலகிவிட்டார் என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு ஜம்போக்களும் மோதி 583 பேர் மாண்டார்கள். பான் ஆம் விமானத்தில் 61 பேர் மட்டும் பிழைத்தார்கள்.

அதன் பிறகு வந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்ல வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு வேலை.

அச்சு வாக்கியம் கைவிடும் இடம்

முந்நூறு சொற்களை மனப்பாடம் செய்தால் தினசரி வேலை ஓடிவிடும். சிக்கல் எங்கே? நடக்கும் சங்கதிக்கு அச்சு வாக்கியமே இல்லாதபோது. ஒரு பயணிக்கு நெஞ்சுவலி. கழிவறையில் புகை. கண்ணாடியில் விரிசல். ஓடுபாதையில் கழன்று கிடக்கும் டயர் துண்டு. 2014 நவம்பரில் சூரத் நிலையத்தில் கிளம்ப ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் குறுக்கே ஓர் எருமை வந்து மோதியது. 2018-ல் போகிப் புகை சூழ்ந்து சென்னையிலேயே விமானங்கள் தடுமாறின. இதற்கெல்லாம் எந்தக் கையேட்டிலும் தயார் வாக்கியம் கிடையாது. அங்கேதான் விமானி சொந்தமாக, எளிதாக, சுருக்கமாகப் பேசியாக வேண்டும்.

1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9. ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில், கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் அதை அறியாமலே நுழைந்தது. நான்கு என்ஜின்களும் அணைந்தன. விமானி ஜகார்த்தாவை அழைத்து, மேடே சொல்லி, நான்கு என்ஜின்களையும் இழந்துவிட்டோம் என்றார். தரையில் கேட்டவருக்கு அது ‘நான்காம் எண் என்ஜின்’ என்று பட்டது. குற்றம் காதில் மட்டுமில்லை. ஜம்போ ஜெட்டில் நான்கும் ஒரே நேரத்தில் நிற்கும் என்று யார் நினைப்பார்கள்? மனசு எதை எதிர்பார்க்கிறதோ காது அதையே கேட்கிறது. பக்கத்தில் பறந்த கருடா நிறுவனத்தின் விமானம் ஒன்று செய்தியைப் புரிந்துகொண்டு ஜகார்த்தாவுக்கு எடுத்துச் சொன்னது. சாம்பல் மேகத்தை விட்டு இறங்கியதும், சுமார் 13,500 அடியில் என்ஜின்கள் மறுபடி உயிர்த்தன. விமானத்தில் இருந்த 263 பேரும் பிழைத்தார்கள்.

எதிர்பாராத செய்தியை ஒரு முறை சொன்னால் போதாது என்பது இதன் பாடம். வேறு சொல்லில் இன்னொரு முறை சொல்ல வேண்டும். ‘ஆல் ஃபோர் என்ஜின்ஸ்’ புரியவில்லையா? ‘நோ என்ஜின்ஸ், வீ ஆர் க்ளைடிங்’ என்று சொல்லலாம். எருமைக்கு ஆங்கிலம் வரவில்லையா? ‘லார்ஜ் அனிமல் ஆன் த ரன்வே’ என்றாலே ஓடுபாதை காலியாகிவிடும்.

ஹரியானா வயலில் விழுந்த பாடம்

இந்தியாவுக்கு இந்தப் பாடம் மிகக் கடுமையாக வந்தது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து மேலேறிய சவூதி ஜம்போவும், டெல்லிக்கு இறங்கி வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. 349 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சவூதி விமானம் 14,000 அடியில் இருக்க வேண்டும். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். அது நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் டெல்லியோடு ஆங்கிலம் பேசியவர் தனி ரேடியோ அலுவலர். விமானத்தை ஓட்டியவர்கள் அவர் வழியாகத்தான் அறிந்தார்கள். டவர் சொன்னது ஓட்டுபவர் கைக்குப் போய்ச் சேரும் வழியிலேயே பொருள் சிதறியது.

இந்த விபத்துக்குப் பிறகு, 1998-ல் ஐகாவோ பேரவை, விமானிகளும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவதை உறுதி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2003-ல் விதிகள் வந்தன. 2008 மார்ச் 5-லிருந்து அமலுக்கு வந்தன; தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் கிடைத்தது.

விதி இதுதான். ஒன்றிலிருந்து ஆறு வரை நிலைகள். சர்வதேச வானில் பறக்கவோ, வழிநடத்தவோ குறைந்தது நான்காம் நிலை வேண்டும். உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடும் திறன் என்று ஆறு திறன்களைப் பார்ப்பார்கள். ஐந்தில் சிறந்திருந்து ஒன்றில் பின்தங்கினால், பின்தங்கியதுதான் உங்கள் நிலை. நான்காம் நிலைக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஐந்தாம் நிலைக்கு ஆறு ஆண்டு.

அந்த நான்காம் நிலையின் இலக்கணத்தில் இரண்டு விஷயங்கள் என் மனதைத் தொட்டன. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம். அது சில நேரம் மட்டுமே புரிதலுக்கு இடைஞ்சல் செய்தால் பாதகமில்லை என்கிறது விதி. இன்னொன்று, எதிர்பாராத சூழலில் சரியான சொல் கிடைக்காவிட்டால் அதை வேறு விதமாகச் சுற்றிச் சொல்லத் தெரிய வேண்டும் என்கிறது. எருமையை ‘பெரிய மிருகம்’ என்று சொல்லும் சமயோசிதம்தான் அது.

பேசத் தெரிந்தவர்களின் பொறுப்பு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இதில் பங்கு இல்லையா? நிறைய உண்டு. வேகமாகப் பேசுவதும், ஊர்வழக்கைக் கலப்பதும், விதிச் சொல்லை விட்டுவிட்டு நட்பாகப் பேசுவதும் அவர்கள் பக்கத்துப் பிழைகள். அவியான்கா விஷயத்தில், “எரிபொருள் தீர்கிறது” என்று காதில் விழுந்தபோது, “எமர்ஜென்சியா? எத்தனை நிமிடம் தாங்கும்?” என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால் அந்தத் துணை விமானியின் தயக்கம் உடைந்திருக்கலாம். தயங்குகிறவரிடம் கேள்வியைச் சின்னதாக்கிக் கேட்பது வலுவான இடத்தில் இருப்பவரின் கடமை.

ஒரே வானில் இரண்டு மொழி ஓடினாலும் ஆபத்துதான். 2000 மே 25, பாரிஸ். பிரெஞ்சு விமானம் ஒன்றுக்கு டேக்-ஆஃப் அனுமதியைப் பிரெஞ்சில் கொடுத்தார் கட்டுப்பாட்டு அதிகாரி. அதே ஓடுபாதைக்குள் நுழையும்படி ஒரு சிறிய சரக்கு விமானத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலம் மட்டும் அறிந்த அந்த விமானிகளுக்கு, பின்னாலிருந்து ஒன்று ஓடி வருகிறது என்பது புரியவில்லை. இறக்கை உரசியதில் சரக்கு விமானத்தின் துணை விமானி உயிரிழந்தார்.

நல்லெண்ணத்தில் சொன்ன கூடுதல் சொல்லும் கெடுக்கும். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானத்திடம், “நம்பர் ஒன், சி-5 நிறுத்தக் கோட்டுக்குப் போங்கள்” என்றார்கள். கிளம்பும் வரிசையில் முதல் இடம் என்பதுதான் பொருள். தனக்கு ஓடுபாதையே கிடைத்துவிட்டது என்று அதன் கேப்டன் எண்ணி உள்ளே நுழைந்தார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐவர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தின் 379 பேரும் தப்பினார்கள். அடுத்த நாள்களிலேயே ஜப்பான் அந்த ‘நம்பர் ஒன்’ என்ற சொல்லை நிறுத்திவைத்தது.

சரியாகப் பேசினால் என்ன ஆகும்?

2009 ஜனவரி 15, நியூயார்க். பறவைக் கூட்டம் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்த விமானத்திலிருந்து கேப்டன் சல்லன்பெர்கர் பேசியதை, விமானம் ஓட்டக் கற்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். முதல் செய்தியிலேயே மூன்று சங்கதி: பறவை மோதியது, இரண்டு என்ஜினும் உந்துவிசை இழந்தன, லாகார்டியாவுக்குத் திரும்புகிறேன். என்ன நடந்தது, இப்போது என்ன நிலை, என்ன செய்யப்போகிறேன். பெயரடை இல்லை, புலம்பல் இல்லை. ஓர் ஓடுபாதையைக் காட்டிக் கேட்டபோது, ‘அனேபிள்’ என்றார். ஹட்சன் ஆற்றில் இறங்கப்போகிறோம் என்றார். தன் விமானத்தின் எண்ணைக்கூட அந்தப் பதற்றத்தில் தவறாகச் சொன்னார். அது ஒன்றையும் கெடுக்கவில்லை. பொருள் தெளிவாக இருந்தது. 155 பேரும் பிழைத்தார்கள்.

2023 ஜனவரி 13 இரவு, கென்னடி விமான நிலையம். ஒரு விமானம் கிளம்ப ஓடிக்கொண்டிருக்க, இன்னொன்று வழி தவறி அதே ஓடுபாதையைக் கடந்தது. டவரிலிருந்து வந்தது, விமானத்தின் பெயரும் “கேன்சல் டேக்-ஆஃப் கிளியரன்ஸ்” என்ற மூன்றே சொற்களும். ஓடிய விமானம் சுமார் 1,000 அடி இடைவெளியில் நின்றது. டெனரீஃப் கற்றுக்கொடுத்த சொல், 46 ஆண்டு கழித்து ஓர் இரவைக் காப்பாற்றியது.

சொல் மட்டும் எப்போதும் போதாது என்பதும் உண்மை. அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று விமானி மேடே சொன்னார். டவர் விமானத்தின் பெயரைக் கேட்டது, பதில் வரவில்லை. அதனால்தான் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை: முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு திசையைப் பார், அதற்குப் பிறகு பேசு. பேசக் கிடைக்கும் சில நொடிகளை வீணாக்காமல் இருக்கத்தான் இத்தனை பயிற்சியும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டிலிருந்து இன்று நிறையப் பிள்ளைகள் விமானி ஆகவும், பிரயாக்ராஜ் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்க் கட்டுப்பாட்டு அதிகாரி ஆகவும் கனவு காண்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் பலர், “என் இங்கிலீஷ் அந்த அளவுக்கு இல்லை” என்று முதல் படியிலேயே தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. வானம் உங்களிடம் வெள்ளைக்காரர் நாக்கைக் கேட்கவில்லை. நிதானமான குரலையும், சின்ன வாக்கியத்தையும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் துணிச்சலையும் கேட்கிறது. தினமும் பத்து நிமிடம், கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு என்ன நடந்தது, என்ன நிலை, என்ன வேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். பேர் தெரியாத பொருளைச் சுற்றிச் சொல்லிப் பழகுங்கள். இரைச்சலில் கேட்டுப் பழகுங்கள்.

பயிற்சி தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ‘சே அகெய்ன்’ என்று கேட்கும் மாணவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அங்கே சிரிப்புக்குப் பயந்து வாயை மூடுகிறவன், நாளை 150 பேரைச் சுமந்துகொண்டும் வாயை மூடிவிடுவான். கேப்டனிடமோ டவரிடமோ “இல்லை சார், சரியில்லை” என்று சொல்லும் பழக்கம் வகுப்பறையில் பிறக்க வேண்டும்.

கடைசியாக வாசகர்களுக்கு. அடுத்த முறை ‘நடுவானில் மேடே அறிவித்த விமானி’ என்று செய்தி வந்தால் பதறாதீர்கள். பழுதுக்கும் குறைபாட்டுக்கும் யார் காரணம் என்று விசாரிக்கட்டும், விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால், அந்தச் சொல்லைச் சொன்னவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் வாய் திறந்திருக்கிறார். கோவ் நெக் குன்றுச் சரிவில் இறந்த 73 பேருக்குக் கிடைக்காமல் போனது அது ஒன்றுதான்.